ஏழு நாளில் ஏழு கிலோ: கணக்கு ஒத்துவருமா?



சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியை முதலில் சொல்லிவிடுகிறேன். முதலாண்டு மாணவி ஒருத்தி கீற்றணியை வைத்து சோடியம் விளக்கின் ஒளியை ஆராய்ந்துகொண்டிருந்தாள். "சார், கோடு இரண்டாகத் தெரிகிறது" என்றாள். சோடியத்தின் மஞ்சள் கோடு இரண்டாகப் பிரிந்து தெரிவது ஆய்வுக்கூடத்தில் நல்ல செய்தி. "அப்படித்தான் அம்மா தெரியவேண்டும், அளவைக் குறித்துக்கொள்" என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைப் பக்கம் திரும்பினேன். மறு நொடியில் அவள் தரையில் விழுந்து கிடந்தாள். கோடு மட்டுமா, மேசையும் விளக்கும் நானும்கூட அவளுக்கு இரண்டாகத் தெரிந்திருக்க வேண்டும்!

கண் விழித்தபின் சர்க்கரை கரைத்த நீரைக் கொடுத்து விசாரித்தோம். ஆறு நாள்களாகக் காலையில் எலுமிச்சைச் சாறு, இரவில் ஓர் ஆப்பிள். அவ்வளவுதான் உணவு. அக்காளின் திருமணம் நெருங்கிக்கொண்டிருந்தது. 'ஏழே நாளில் ஏழு கிலோ குறையுங்கள்' என்ற விளம்பரம் ஒன்று அவள் கையில் கிடைத்திருக்கிறது. "குறைந்ததா?" என்று கேட்டேன். மயக்கம் தெளியாத நிலையிலும் அவள் முகத்தில் ஒரு பெருமை. "நாலு கிலோ குறைஞ்சிருக்கு சார்!"

அவளுக்கு அறிவுரை சொல்லும் தகுதி அன்று எனக்கு இல்லை. என் எடை அப்போது 81 கிலோ. இரத்தத்தில் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். ஆகவே எனக்குத் தெரிந்த ஒன்றைச் செய்தேன். மறுநாள் வகுப்பில் வெப்பவியல் பாடத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, அந்த விளம்பரத்தைக் கரும்பலகையில் கணக்காகப் போட்டேன். அந்தக் கணக்கைத்தான் இங்கே சற்று விரிவாகக் காண்போம்.

உடலும் ஓர் இயந்திரமே

முதலில் அலகு. உணவைப் பற்றிப் பேசும்போது 'கலோரி' என்று சொல்லப்படுவது உண்மையில் கிலோ கலோரி. ஒரு கிலோகிராம் நீரின் வெப்பநிலையை 1 டிகிரி செல்சியஸ் உயர்த்தத் தேவையான வெப்பம் அது. ஏறத்தாழ 4,184 ஜூல். மாவுப்பொருளும் புரதமும் கிராமுக்குச் சுமார் 4 கிலோ கலோரி தருகின்றன. கொழுப்பு 9 தருகிறது. இந்த மூன்று எண்களை நினைவில் வைத்தால் போதும்.

சும்மா படுத்திருக்கும்போதும் உடல் ஆற்றலைச் செலவிடுகிறது. இதயம் துடிக்கவேண்டும், நுரையீரல் விரிந்து சுருங்கவேண்டும், மூளை வேலை செய்யவேண்டும், உடல் 37 டிகிரியில் நிற்கவேண்டும். ஓய்வில் இருக்கும் ஒருவருக்கு, ஒரு கிலோ எடைக்கு ஒரு மணிக்குச் சுமார் 1 கிலோ கலோரி செலவாகிறது. 60 கிலோ எடையுள்ளவர் ஒரு நாள் முழுதும் அசையாமல் கிடந்தால் 1,440 கிலோ கலோரி. இதை ஜூலாக மாற்றி ஒரு நாளின் 86,400 விநாடிகளால் வகுத்துப் பாருங்கள். சுமார் 70 வாட் வரும். அதாவது நீங்கள் ஒவ்வொருவரும் ஓர் பழைய குண்டு பல்பு. ஐம்பது பேர் அமர்ந்திருக்கும் வகுப்பறையில் மூன்றரைக் கிலோவாட் அடுப்பு எரிகிறது என்று பொருள். மாலையில் கடைசிப் பாடவேளையில் வியர்ப்பதற்கு ஆசிரியரை மட்டும் குறை சொல்லவேண்டாம்.

உடலில் நடப்பதும் ஒருவகை எரிதல்தான் என்பது எளிதில் கிடைத்த உண்மையன்று. இத்தாலியில் சாண்டோரியோ என்ற மருத்துவர் ஒரு பெரிய தராசில் நாற்காலியைத் தொங்கவிட்டு, அதில் அமர்ந்து சாப்பிட்டு, தன்னையும் தன் உணவையும் கழிவையும் சுமார் முப்பது ஆண்டுகள் நிறுத்துப் பார்த்தார். அவருடைய நூல் 1614-இல் வெளிவந்தது. உண்டதும் குடித்ததும் 8 பங்கு என்றால் 3 பங்குதான் கழிவாக வெளியேறியது. மீதி 5 பங்கு கண்ணுக்குத் தெரியாமல் எங்கோ மறைந்தது! அது உணர முடியாத வியர்வையாக வெளியேறுகிறது என்று அவர் கருதினார். ஆக்சிஜனையும் கரியமில வாயுவையும் அறியாத காலம் அது.

1782-83 குளிர்காலத்தில் பிரான்சில் லவாய்சியரும் லாப்லாசும் ஒரு கினிப்பன்றியைப் பனிக்கட்டி சூழ்ந்த கலத்தில் வைத்தார்கள். அதன் உடல் வெப்பத்தால் எவ்வளவு பனிக்கட்டி உருகுகிறது என்று அளந்தார்கள். அது வெளிவிடும் கரியமில வாயுவையும் அளந்தார்கள். அதே அளவு வாயு உண்டாகும்படி கரியை எரித்தால் உருகும் பனிக்கட்டியும் ஏறக்குறைய அதே அளவாக இருந்தது. மூச்சு விடுதல் என்பது மெதுவாக எரிதல் என்று முடிவு கட்டினார்கள். நூறு ஆண்டுகளுக்குப் பின், 1890-களில், அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் அட்வாட்டர் என்ற வேதியியலாரும் ரோசா என்ற இயற்பியலாரும் ஒரு மனிதர் பல நாள்கள் தங்கக்கூடிய சிறிய அறையையே வெப்பமானியாக அமைத்தார்கள். உள்ளே அவர் உண்டார், உறங்கினார், மிதிவண்டி மிதித்தார். உணவின் ஆற்றல் ஒரு பக்கம், வெளிவந்த வெப்பமும் வேலையும் மறுபக்கம். இரண்டும் பொருந்தின. நீராவி இயந்திரத்துக்குப் பொருந்தும் ஆற்றல் அழிவின்மை விதி மனிதனுக்கும் பொருந்துகிறது.

விளம்பரத்தின் கணக்கு

உடலில் சேர்ந்துள்ள கொழுப்புத் திசு ஒரு கிலோவில் சுமார் 7,700 கிலோ கலோரி அடங்கியிருக்கிறது. (ஆயிரம் கிராமை ஒன்பதால் பெருக்கினால் 9,000 வரவேண்டுமே என்று கேட்பீர்கள். திசுவில் கொஞ்சம் நீரும் புரதமும் உண்டு.) ஏழு கிலோவுக்கு 53,900. ஏழு நாள்களில் இதைத் தீர்க்கவேண்டுமானால் நாள் ஒன்றுக்கு 7,700.

அந்த மாணவியின் எடை சுமார் 55 கிலோ. நடமாட்டம் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு அவளுடைய உடல் செலவிடுவது சுமார் 2,000 கிலோ கலோரி. ஒரு பருக்கைகூட உண்ணாமல் இருந்தாலும் நாளொன்றுக்கு 2,000-ஐ 7,700-ஆல் வகுத்த அளவுதான் கொழுப்புக் கரையும். அது கால் கிலோவைச் சற்றே தாண்டும். ஆறு நாளைக்கு ஒன்றரைக் கிலோ. இதற்குமேல் கரைக்க எந்த எலுமிச்சையாலும் முடியாது. ஆற்றல் அழிவின்மை விதிக்கு விளம்பரதாரர் என்று விலக்கு ஒன்றும் இல்லை.

ஆனால் தராசு நாலு கிலோ காட்டியதே! தராசு பொய் சொல்லவில்லை. அது எடையைத்தான் காட்டும், எதன் எடை என்று காட்டாது. நம் கல்லீரலிலும் தசைகளிலும் கிளைக்கோஜன் என்ற மாவுப்பொருள் சில நூறு கிராம் சேமிப்பில் இருக்கிறது. ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் சுமார் 3 கிராம் நீரைத் தன்னோடு பிடித்துவைத்திருக்கிறது. பட்டினி கிடந்தால் முதலில் செலவாவது இந்தச் சேமிப்புத்தான். 400 கிராம் செலவானால் அதனுடன் 1,200 கிராம் நீரும் போய்விடும். ஆக ஒன்றரைக் கிலோவுக்குமேல் கணக்குத் தீர்ந்தது. குடலில் உணவு இல்லாததால் கொஞ்சம் குறையும். உப்புக் குறைந்ததால் மேலும் கொஞ்சம் நீர் வெளியேறும். இவற்றோடு தசையிலும் ஒரு பகுதி கரையும். தசையில் முக்கால் பங்கு நீர். கொழுப்பில் உள்ள ஆற்றலில் சிறு பங்கே அதில் உண்டு. அதனால் அதே ஆற்றலுக்காகத் தசை நிறையக் கரையவேண்டும், தராசும் வேகமாக இறங்கும். இழக்கக் கூடாததை இழந்துவிட்டு மகிழ்கிறோம். திருமண விருந்தில் இரண்டு வேளை சாப்பிட்டவுடன் கிளைக்கோஜனும் நீரும் திரும்பி வந்துவிடும். அந்த மாணவிக்கும் அப்படியே வந்தது.

கரைந்த கொழுப்பு எங்கே போகிறது?

இந்தக் கேள்வியை வகுப்பில் கேட்டேன். "வியர்வையாகப் போகிறது" என்றார்கள் சிலர். "ஆற்றலாக மாறிவிடுகிறது" என்றார்கள் பலர். இரண்டாவது விடை கேட்பதற்கு அழகாக இருக்கிறது. ஆனால் ஒரு கிலோ நிறை உண்மையிலேயே ஆற்றலாக மாறினால் நம் ஊரே இருக்காது! வேதிமாற்றத்தில் நிறை அழிவதில்லை. லவாய்சியரேதான் இதையும் சொன்னார்.

ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த இயற்பியலார் ரூபன் மீர்மன் என்பவரும் ஆண்ட்ரூ பிரௌன் என்ற உயிர்வேதியியலாரும் 2014-இல் இதைக் கணக்கிட்டு வெளியிட்டார்கள். நம் உடற்கொழுப்பின் ஒரு மூலக்கூறில் சராசரியாக 55 கார்பன், 104 ஹைட்ரஜன், 6 ஆக்சிஜன் அணுக்கள். இது எரிய 78 ஆக்சிஜன் மூலக்கூறுகள் வேண்டும். கிடைப்பது 55 கரியமில வாயு மூலக்கூறுகள், 52 நீர் மூலக்கூறுகள். அணு எடைகளைப் போட்டுச் சமன்பாட்டை நீங்களே சரிபார்க்கலாம். இரு பக்கமும் 3,356 வரும். அணுக்களைப் பின்தொடர்ந்து பார்த்தால், 10 கிலோ கொழுப்பில் 8.4 கிலோ கரியமில வாயுவாக மூச்சில் வெளியேறுகிறது. 1.6 கிலோதான் நீராகிறது. சாண்டோரியோவின் காணாமற்போன பங்கில் ஒரு பகுதி மூக்கு வழியாகத்தான் போயிற்று!

"அப்படியானால் வேகமாக மூச்சு விட்டால் இளைக்கலாமா?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். முடியாது. அடுப்பில் விறகு எரியாமல் புகைபோக்கியை மட்டும் விசிறுவது போன்றது அது. தலைதான் சுற்றும். தசை வேலை செய்தால் மூச்சு தானே விரையும்.

உடல் எதிர்த்து நிற்கிறது

பட்டினியைப் பற்றிய மிக முக்கியமான சோதனை இரண்டாம் உலகப்போரின் இறுதியில் நடந்தது. போரால் பட்டினி கிடந்த மக்களை எப்படி மீட்டெடுப்பது என்று அறியவேண்டியிருந்தது. அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்பவர் 1944-45-இல் நடத்திய இச்சோதனைக்கு, போரில் ஆயுதம் ஏந்த மறுத்த இளைஞர்கள் 36 பேர் தாமாக முன்வந்தார்கள். 24 வாரங்கள் அவர்களுக்கு வழக்கமான உணவில் ஏறக்குறையப் பாதி. எடையில் கால் பங்கு குறைந்தது. ஆனால் அவர்களுடைய உடல் ஓய்வில் செலவிடும் ஆற்றல் அதைவிட அதிகமாக, சுமார் 40 விழுக்காடு, குறைந்துவிட்டது. நாடித்துடிப்பு மந்தமானது. கோடையிலும் குளிர்ந்தது. உணவைத் தவிர வேறு நினைவே இல்லை. சமையல் புத்தகங்களைச் சேர்த்துவைத்துப் படித்தவர்கள்கூட உண்டு. வயிறார உண்ணத் தொடங்கியபின் கொழுப்பு முதலில் திரும்பிற்று, தசை பின்தங்கிற்று.

நம் உடல் கடைத்தெரு விளம்பரத்தை அறியாது. பஞ்சத்தைத்தான் அறியும். திடீரென வரவு நின்றால், பஞ்சம் வந்துவிட்டது என்று செலவைச் சுருக்குகிறது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் எடைகுறைப்புப் போட்டி ஒன்று நடந்தது. 30 வாரத்தில் சராசரியாக 58 கிலோ இழந்த 14 பேரை ஆறு ஆண்டுகள் கழித்துப் பரிசோதித்தார்கள். 2016-இல் வெளியான முடிவின்படி, இழந்ததில் 41 கிலோ சராசரியாகத் திரும்பியிருந்தது. ஆனால் அவர்களுடைய ஓய்வுநிலைச் செலவு எதிர்பார்த்ததைவிட நாளொன்றுக்குச் சுமார் 500 கிலோ கலோரி குறைவாகவே இருந்தது!

அப்படியானால் மெதுவாகக் குறைத்தால் திரும்பாது என்று சொல்லிவிடலாமா? பலரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். உண்மை அவ்வளவு எளிதன்று. ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் ஒரு பிரிவினரை 12 வாரத்திலும் மற்றொரு பிரிவினரை 36 வாரத்திலும் எடை குறைக்கச் செய்து, ஏறக்குறைய மூன்றாண்டுகள் கவனித்தார்கள். முடிவு 2014-இல் வெளியாயிற்று. இரு பிரிவினருக்குமே இழந்ததில் சுமார் 70 விழுக்காடு திரும்பிவிட்டது. இதைப் படித்தபோது எனக்கும் குழப்பமாகத்தான் இருந்தது. ஒரு பானையை நினைத்துக்கொண்டபின்தான் தெளிவு பிறந்தது.

ஓட்டைப் பானை

அடியில் ஓட்டையுள்ள ஒரு பானையைக் குழாய்க்கடியில் வையுங்கள். நீர்மட்டம் ஏறும். மட்டம் ஏற ஏற ஓட்டையில் நீர் வேகமாக வெளியேறும். ஏதோ ஓர் உயரத்தில் வரவும் செலவும் சமமாகி மட்டம் நிற்கும். குழாயைச் சிறிது குறைத்தால் மட்டம் இறங்கும். ஆனால் அடிவரை இறங்காது. இறங்க இறங்க ஓட்டையின் வேகமும் குறைவதால், புதிய ஓர் உயரத்தில் மீண்டும் நின்றுவிடும்.

நம் எடைதான் அந்த நீர்மட்டம். குழாய் உணவு. ஓட்டை உடலின் செலவு. பெரிய உடலுக்கு ஓய்விலும் செலவு அதிகம், தூக்கி நடக்கவும் செலவு அதிகம். எடை குறைந்தால் செலவும் குறையும்.

இதை மறந்து பழைய கணக்கைப் போட்டால் வேடிக்கையான விடை வரும். நாளொன்றுக்கு இரண்டு வேளைக் காப்பியில் இரண்டிரண்டு கரண்டி சர்க்கரையை விட்டுவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கரண்டிக்கு 5 கிராம் வீதம் 20 கிராம், அதாவது 80 கிலோ கலோரி. ஆண்டுக்கு 29,200. இதை 7,700-ஆல் வகுத்தால் 3.8 கிலோ. பத்து ஆண்டில் 38 கிலோ. இருபது ஆண்டில் ஆளே இருக்கமாட்டார்!

அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்களில் பணியாற்றிய கெவின் ஹால் (இவரும் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றவர்தான், நம் துறைக்காரர்களுக்கு எங்கும் மூக்கை நுழைக்கும் வழக்கம் உண்டு) குழுவினர் 2011-இல் ஓட்டையையும் சேர்த்துக் கணக்கிட்டார்கள். பெரியவர்களுக்குப் பொருந்தும் எளிய விதி ஒன்று கிடைத்தது. நாள்தோறும் நிலையாக 24 கிலோ கலோரி குறைத்தால் எடை முடிவில் சுமார் 1 கிலோ குறைந்து நிற்கும். அதில் பாதி குறைய ஓர் ஆண்டு. ஏறக்குறைய முழுவதும் குறைய மூன்று ஆண்டு. மேலே சொன்ன 80 கிலோ கலோரிக்கு மூன்று கிலோவுக்குச் சற்று அதிகம், அதுவும் மூன்று ஆண்டில்.

இப்போது மெல்போர்ன் புதிர் விடுபடுகிறதல்லவா? ஒருவர் குழாயை ஏறக்குறைய மூடி மட்டத்தை விரைவாக இறக்கினார். மற்றவர் கொஞ்சமாக மூடி மெதுவாக இறக்கினார். பிறகு இருவரும் குழாயைப் பழைய அளவுக்குத் திறந்துவிட்டால் இரு பானைகளிலும் பழைய மட்டம்தானே வரும்? வேகம் பொருட்டே அல்ல. குழாய் இனி எந்த அளவில் நிற்கப்போகிறது என்பதே கேள்வி. எலுமிச்சைச் சாற்றில் வாழ்நாள் முழுவதும் ஒருவர் நிற்கமுடியாது. சர்க்கரையில்லாத காப்பியில் நிற்கலாம். நிலைத்து நிற்கக்கூடிய மாற்றங்கள் பெரும்பாலும் சிறியவை. சிறியவை ஆகையால் பலனும் மெதுவாகவே வரும். பசியை மட்டுப்படுத்தும் செமாகுளுடைடு போன்ற ஊசி மருந்துகள் இப்போது வந்துள்ளன. சில நோயாளிகளுக்கு அவை தேவை, அதை மருத்துவர் முடிவுசெய்வார். அவற்றை நிறுத்தியவர்களுக்கும் எடை திரும்புவதையே ஆய்வுகள் காட்டியுள்ளன. பானையின் விதி அங்கும் அதுவே.

மலைக்கோட்டையும் இரண்டு கரண்டிச் சர்க்கரையும்

"நன்றாகச் சாப்பிட்டுவிட்டு உடற்பயிற்சியில் கரைத்துவிடலாமே" என்பார்கள். திருச்சி மலைக்கோட்டையின் உயரம் சுமார் 83 மீட்டர். 60 கிலோ எடையுள்ள ஒருவர் உச்சிப்பிள்ளையாரைக் காண ஏறினால் செய்யும் வேலை, நிறையையும் புவியீர்ப்பு முடுக்கத்தையும் உயரத்தையும் பெருக்கினால், சுமார் 48,800 ஜூல். அதாவது 12 கிலோ கலோரிகூட இல்லை. தசையின் திறன் நாலில் ஒரு பங்கு என்று கொண்டால் உடல் செலவிடுவது சுமார் 47. இரண்டு கரண்டிச் சர்க்கரை 40 கிலோ கலோரி! நானூறுக்கு மேற்பட்ட படிகளை மூச்சிரைக்க ஏறி, இறங்கி வந்து, அடிவாரத்தில் ஒரு குவளைக் கரும்புச்சாறு குடித்தால் கணக்கு நேர் எதிராகத் திரும்பிவிடும். 70 கிலோ எடையுள்ளவர் ஒரு கிலோமீட்டர் நடந்தால், சும்மா இருப்பதைவிடக் கூடுதலாகச் செலவாவது சுமார் 35 கிலோ கலோரி. ஒரு கிலோ கொழுப்புக்கு 220 கிலோமீட்டர் நடக்கவேண்டும். மதுரையிலிருந்து புறப்பட்டால் கன்னியாகுமரியை நெருங்கிவிடலாம்.

ஆகவே நடை வீண் என்று எண்ணிவிடாதீர்கள். நாளைக்கு மூன்று கிலோமீட்டர் என்றால் 105 கிலோ கலோரி. ஹால் விதிப்படி அது நாலு கிலோவுக்குச் சமம். மேலும் வேலை செய்யும் தசை இரத்தத்திலுள்ள சர்க்கரையைத் தானே இழுத்துக்கொள்கிறது. இதயம் வலுப்படுகிறது. எடை குறையும்போது தசை கரையாமல் காக்கப்படுகிறது. தராசு அசையாவிட்டாலும் இந்த நன்மைகள் உண்டு. பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம், உங்கள் வயதினர் நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடம் உடலை வருத்தி இயங்கவேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. கபடியும் கயிறு தாண்டுதலும் பள்ளிக்கு மிதிவண்டியில் போவதும் இதில் சேரும். விளையாட்டுப் பாடவேளையைப் பிடுங்கிக் கணக்குப் பாடம் நடத்தும் ஆசிரியர்களுக்கு இந்த வரியை நீங்கள் காட்டலாம்.

உணவைப் பொறுத்தவரை ஒரே ஒரு கருத்தைச் சொல்கிறேன். பொருள்களுக்கு அடர்த்தி இருப்பதுபோல உணவுக்கும் ஆற்றல் அடர்த்தி உண்டு. நூறு கிராம் வெள்ளரிக்காயில் சுமார் 15 கிலோ கலோரி. அதே எடை வெள்ளைச் சோற்றில் சுமார் 130. எண்ணெயில் 900. வயிற்றுக்குக் கலோரி தெரியாது. கனஅளவும் நாரும் புரதமும் ஓரளவு தெரியும். தட்டில் சோறு இருந்த இடத்தில் பாதியைக் கீரையும் காயும் சுண்டலும் பிடித்துக்கொண்டால் வயிறு குறை சொல்லாது. எண்ணெய்ச் சட்டியிலிருந்து எடுத்த பஜ்ஜி சூட்டோடு தாளில் விட்டுப்போகும் கறையைப் பார்த்திருப்பீர்கள். ஒரு கரண்டி எண்ணெய் 40 கிலோ கலோரிக்குமேல். இனிப்பிட்ட குளிர்பானம் 300 மில்லிலிட்டரில் சுமார் 30 கிராம் சர்க்கரை. அது பசியையும் தீர்ப்பதில்லை. குடித்தபின் நாம் உண்ணும் இட்லிகளின் எண்ணிக்கை குறைவதில்லை.

என் நோட்டுப் புத்தகம்

கரும்பலகையில் இவ்வளவையும் எழுதிவிட்டு நான் மட்டும் பழையபடி இருப்பது வெட்கமாக இருந்தது. மூன்று வேளைக் காப்பியிலும் சர்க்கரையை விட்டேன். முதல் பதினைந்து நாள் கஷாயம்போல் இருந்தது. பிறகு பழகிவிட்டது. இப்போது யார் வீட்டிலாவது சர்க்கரை போட்டுக் கொடுத்தால் பாயசம்போல் இருக்கிறது. கல்லூரிக்கு மூன்று கிலோமீட்டரை மாலையில் நடந்தே திரும்பினேன். நடக்கும்போது பஜ்ஜிக் கடையைத் தாண்டவேண்டியிருந்தது. எல்லா நாளும் தாண்டினேன் என்று சொல்லமாட்டேன்.

எடையைக் குறித்துவைக்கத் தொடங்கியபோது புதிய தொல்லை ஒன்று வந்தது. இன்று 80.2. நாளை 81.0. மறுநாள் 80.4. குடித்த நீர், உண்ட உப்பு, குடலின் சுமை ஆகியவற்றால் ஒரு கிலோவரை ஏற்ற இறக்கம் இயல்பு. நான் தேடிய மாற்றமோ வாரத்துக்கு நூறு கிராம் அளவு! இரைச்சலுக்குள் முணுமுணுப்பைக் கேட்பது போன்றது இது. ஊசலின் அலைவுநேரத்தைக் காணும்போது ஓர் அலைவை அளக்காமல் இருபது அலைவை அளந்து வகுக்கிறோம் அல்லவா? அதையே செய்தேன். ஒரே நேரத்தில், ஒரே உடையில் நிறுத்து, மாதத்துக்கு ஒரு சராசரி எடுத்தேன். சராசரிகளை வரைபடத்தாளில் குறித்தபோதுதான் கோடு இறங்குவது தெரிந்தது. ஓராண்டில் 81-லிருந்து 77. இரண்டரை ஆண்டில் 74. தீபாவளி மாதங்களில் ஒவ்வொரு முறையும் ஒரு சிறு மேடு. சர்க்கரையும் எல்லைக்கோட்டுக்குக் கீழே இறங்கியது.

ஒன்றை அழுத்தமாகச் சொல்லவேண்டும். இந்த எண்களெல்லாம் வளர்ந்து முடிந்தவர்களுக்கு. நீங்கள் வளர்ந்துகொண்டிருக்கிறீர்கள். எலும்பும் தசையும் மூளையும் இப்போது கட்டப்படுகின்றன. கட்டட வேலை நடக்கும்போது செங்கல்லை நிறுத்தக்கூடாது. உங்களில் எடை மிகுந்த ஒருவருக்கும் மருத்துவர்கள் பெரும்பாலும் சொல்வது, எடையை அப்படியே நிற்கவிட்டு உயரம் வளரட்டும் என்பதே. தன் உடலைக் கண்ணாடியில் பார்த்து வெறுத்து, உணவை ஒளித்துவைக்கும் தோழியோ தோழனோ உங்கள் வகுப்பில் இருந்தால், அது கேலிக்குரிய செய்தியன்று. வீட்டுப் பெரியவரிடமும் மருத்துவரிடமும் சொல்லவேண்டிய செய்தி. என் மாணவி கீழே விழுந்தபோது மேசையின் விளிம்பு அவள் நெற்றிக்கு இரண்டு விரற்கடை தள்ளியிருந்தது.

கடைசியாக ஒரு சோதனை. பழைய தகரக் குவளை ஒன்றின் அடியில் ஆணியால் சிறு துளை இடுங்கள். உட்புறம் ஓர் அளவுகோலை ஒட்டிக் குழாயடியில் வையுங்கள். மட்டம் ஒரே உயரத்தில் நின்றபின் குழாயைச் சற்றே திருகிக் குறைத்துவிட்டு, ஐந்து விநாடிக்கு ஒருமுறை உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். துளை பெரிதாகிவிட்டால் மட்டம் நில்லாமல் ஓடிவிடும், சிறிய ஆணியாகவே எடுங்கள். (டாரிசெல்லியின் விதிப்படி இங்கே நீர் வெளியேறும் வேகம் உயரத்தின் இருபடி மூலத்தைப் பொறுத்தது. உடலின் செலவு அப்படியே அந்த விதியைப் பின்பற்றுவதில்லை. ஆனாலும் கோட்டின் சாயல் ஒன்றே.) முதலில் வேகமாகவும் பிறகு மெல்ல மெல்லவும் இறங்கி, ஒரு மட்டத்தில் படுத்துக்கொள்ளும் ஒரு வளைகோடு கிடைக்கும். குழாயைப் பழைய அளவுக்குத் திறந்து, மீண்டும் ஐந்து விநாடிக்கு ஒருமுறை குறியுங்கள். அந்த இரண்டாவது வளைகோட்டையும் முதல் கோட்டின் பக்கத்திலேயே வரைந்துகொள்ளுங்கள்.